சுங்கான் தண்டு பச்சை பிடிக்காமல் இருக்க: வன்னி வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

புகையிலை அடைத்துப் புகைக்கும் பைப்பான சுங்கானின் கறுப்புத் தண்டு மினுக்கம் இழந்து, பழுப்பாகி, கிணற்றுக் கட்டில் பாசி படிந்ததுபோலப் பச்சை பிடிப்பதைப் பற்றிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து ஆட்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வன்னியில் சுங்கான் பிடிப்பவர்கள் மிகக் குறைவு. சுருட்டுத்தான் எங்கள் ஊர்ப் பழக்கம். ஆனால் சுங்கான் இருக்கும் வீடுகள் அவ்வளவு குறைவில்லை. மலாயா ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பிய அப்பப்பாவின் சுங்கான், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்த அம்மப்பாவின் சுங்கான், லண்டனிலோ ரொறன்ரோவிலோ காலமான பெரியப்பாவின் பெட்டியோடு வந்து சேர்ந்த சுங்கான். இத்தனை இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் ஒரு வீட்டில் அப்படியொன்று மிஞ்சியிருந்தால் அதைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும்.

பதில்களில் கிண்ணம் என்று சொல்வது புகையிலை அடைக்கும் மரப்பகுதியை. அதிலிருந்து நீளும் மரக் குழாய் கழுத்து. வாயில் வைக்கும் கறுப்புப் பகுதி தண்டு. தண்டின் ஒரு நுனியில் பல்லுக்குப் பிடிபடும் தடிப்பு உதடு. மறு நுனியில் கழுத்துக்குள் செருகும் பகுதி முளை.

தண்டு ஏன் பச்சையாகிறது? அது அழுக்கா, பூஞ்சணமா?

இரண்டும் இல்லை. தண்டின் மேற்பரப்பே மாறிவிட்டது. ஆகவே துணியால் துடைத்து எடுக்க முடியாது.

பழைய சுங்கான்களின் தண்டு பெரும்பாலும் வல்கனைற். எபனைற் என்றும் சொல்வார்கள். இறப்பரோடு மிக அதிகமாகக் கந்தகம் சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால் அது மரம்போல இறுகும். சார்ள்ஸ் குட்இயர் 1839 இல் கந்தகமும் வெப்பமும் இறப்பரை உறுதியாக்குவதைக் கண்டார். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851 இல் இந்தக் கடின இறப்பருக்கு உரிமம் எடுத்தார். வாகன ரயரில் கந்தகம் சில வீதம்தான் இருக்கும். கடின இறப்பரில் 25 முதல் 40 வீதம் வரை இருக்கும். தண்டின் உறுதி, பளபளப்பு, பல்லுக்கு இதமான மென்மை எல்லாம் அந்தக் கந்தகம் தந்தவை. பின்னாளில் அது கெடுவதற்குக் காரணமும் அதே கந்தகம்தான்.

வெளிச்சம், முக்கியமாகச் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர், மேற்பரப்பில் இறப்பரையும் கந்தகத்தையும் பிணைத்திருக்கும் கட்டுகளை உடைக்கிறது. விடுபட்ட கந்தகம் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் ஈரத்தோடும் சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் இருக்கும் இடத்தில் சிதைவு இன்னும் வேகமாகிறது. முதலில் மினுக்கம் போகும். பிறகு பழுப்பு, அதன்பின் மஞ்சள் கலந்த பச்சை. வாயில் வைத்தால் கசப்பும் தீக்குச்சி வாடையும் வரும். வெளிச்சம், ஒட்சிசன், ஈரம், வெப்பம் ஆகிய நான்கும் இதில் கூட்டு. ஒட்சிசனை வீட்டிலிருந்து துரத்த முடியாது; மற்ற மூன்றையும் குறைக்கலாம். அவற்றில் முதலில் குறைக்க வேண்டியது வெளிச்சத்தை. எண்ணெயும் மெழுகும் அதற்குப் பிறகுதான்.

எங்களிடம் இருப்பது வல்கனைற் என்று எப்படி அறிவது? கருங்காலி என்றல்லவா வீட்டில் சொல்கிறார்கள்.

கருங்காலி வன்னிக் காடுகளில் வளரும் மரம் என்பதால், கறுப்பாய் மினுங்கும் எதையும் கருங்காலி என்று சொல்லிவிடுகிறோம். சுங்கான் தண்டு கருங்காலியில் செய்யப்பட்டிருப்பது அபூர்வம். உள்ளங்கையில் வைத்துச் சூடேறும்வரை வேகமாகத் தேய்த்து மணந்து பாருங்கள். இறப்பரும் கந்தகமும் கலந்த மணம் வந்தால் வல்கனைற். மணமே இல்லாமல், பல்லில் தட்டும்போது கண்ணாடிபோல் கடினமாக இருந்தால் அக்ரிலிக் என்ற பிளாஸ்ரிக். அக்ரிலிக் இப்படிப் பச்சை பிடிக்காது; அப்படியானால் இந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தேவையானது அதிகம் இல்லை. கறுப்பும் செம்பழுப்பும் வரிவரியாகக் கலந்த தண்டும் பெரும்பாலும் கடின இறப்பர்தான். அதுவும் மங்கும், கவனிக்கப் பிந்துவோம், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருந்தபோது பல வருடம் கறுப்பாகவே இருந்தது. வன்னிக்கு வந்ததும் ஏன் இவ்வளவு வேகமாக மாறுகிறது?

எங்கள் வெயில்தான். வன்னி உலர் வலயம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை ஓய்ந்தபின் ஆண்டின் பெரும்பகுதி வெயில்தான். சோளகம் வீசும் மாதங்களில் கதவும் யன்னலும் விரியத் திறந்து கிடக்கும். வெளிச்சம் வீட்டின் உள்மூலை வரைக்கும் போகும். தகரக் கூரை வீடுகளில் மத்தியானத்து அறை வெப்பத்தைச் சொல்லத் தேவையில்லை. மாரி வந்தால் ஈரம். குளிர்நாட்டில் இருட்டான லாச்சிக்குள் கிடந்த தண்டுக்கு இவை எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன.

அப்பப்பாவின் சுங்கானை ஹோலில் கண்ணாடி அலுமாரிக்குள், அவருடைய படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். பார்வையிலிருந்து எடுக்க அப்பாவுக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

எனக்கு வரும் கேள்விகளில் மிக அதிகமானது இது. என்னிடம் காட்டப்படும் தண்டுகளில் மிக மோசமானவையும் இப்படி வைக்கப்பட்டவைதான். நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்துச் செய்யும் காரியமே தண்டை அழிக்கிறது. அலுமாரிக் கண்ணாடி தூசியைத் தடுக்கும். புற ஊதாவில் ஒரு பங்கையும் தடுக்கும். மீதி உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நாளாந்தம் தன் வேலையைச் செய்யும். எப்போதும் ஒரே பக்கமாக வைத்திருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் பட்ட பக்கம் பச்சையாகவும் அடிப்பக்கம் கறுப்பாகவும் இருக்கும். அதைக் கண்ணால் காட்டினால் அப்பாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நான் சொல்லும் வழி: தண்டைக் கழற்றுங்கள். கிண்ணம் அலுமாரியிலேயே படத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அது பிரையர் மரம், மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் ஒரு செடியின் வேர்க்கட்டி. வெயிலில் நிறம் கொஞ்சம் மாறுமே தவிர இப்படிக் கெடாது. தண்டைப் பருத்தித் துணியில் சுற்றி லாச்சிக்குள் வையுங்கள். திவசத்துக்கு, அல்லது வெளிநாட்டுப் பிள்ளைகள் வரும் நாளில், இரண்டையும் பொருத்தி எல்லோருக்கும் காட்டுங்கள். ஒரு நாள் வெளிச்சம் பட்டால் ஒன்றும் ஆகாது.

முழுச் சுங்கானும் கண்முன்னே இருக்கத்தான் வேண்டும் என்றால், யன்னலுக்கும் வாசலுக்கும் நேரே இல்லாத சுவருக்கு அலுமாரியை நகர்த்துங்கள். அலுமாரிக்குள் எரியும் லைற்றை நிறுத்துங்கள். சிதைவு நிற்காது, வேகம் குறையும்.

தண்டைக் கழற்றும்போது கிண்ணத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு கையால் கழுத்தையும் மறு கையால் தண்டையும் முளைக்கு அருகில் பிடித்து, ஒரே திசையில் மெதுவாகத் திருகி எடுங்கள். நெடுங்காலம் கழற்றாமல் இருந்தால் பழைய தார் ஒட்டிப் பிடித்திருக்கும். அப்படியானால் பலம் போடவேண்டாம், கழுத்து வெடித்துவிடும். குளிரூட்டியின் உறைநிலைப் பெட்டியில் அரை மணித்தியாலம் வைத்துவிட்டு எடுத்துத் திருகினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

எந்த எண்ணெய் பூசலாம்? வீட்டில் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய் இருக்கிறது.

மூன்றையும் விடுங்கள். நல்லெண்ணெய் காற்றுப்பட்டு நாட்போக்கில் பிசுபிசுக்கும். தூசி ஒட்டி ஒரு படையாகும். இலுப்பெண்ணெயின் மணமும் கசப்பும் வாயில் வைக்கும் பொருளுக்கு ஒத்துவராது. தேங்காயெண்ணெய் அவற்றைவிடத் தேவலை, சிக்கெடுக்க நாள் பிடிக்கும். ஆனால் சிக்கெடுக்கத்தான் செய்யும். வெளிநாட்டுச் சுங்கான்காரர் பலர் ஒலிவ் எண்ணெய் பூசுவார்கள். அதற்கும் இதே குறை உண்டு.

நல்லது கனிம எண்ணெய். சிறப்புப் புட்டி தேடி அலைய வேண்டாம். பாமசியில் திரவப் பரபின் என்று கேளுங்கள், கிடைக்கும். மணமில்லை, சுவையில்லை, கெட்டுப்போகாது. அதுவும் இல்லையென்றால் மணம் சேர்க்காத வெள்ளை வாஸ்லீன் போதும். குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயில் பெரும்பங்கு கனிம எண்ணெய்தான், ஆனால் வாசனை சேர்த்திருப்பார்கள். பார்வைக்கு மட்டும் வைக்கும் சுங்கானுக்கு ஆகும், வாயில் வைப்பதற்கு ஆகாது. தையல் மெசின் எண்ணெயை யாரும் பூசவேண்டாம்.

பூசும் அளவு முக்கியம். இரண்டு மூன்று துளியைத் துணியில் விட்டுத் தண்டு முழுக்க மெல்லிய படையாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டு, காலையில் உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். கையில் வழுக்கக் கூடாது. எண்ணெய் காற்றையும் ஈரத்தையும் ஓரளவு விலக்கும். வெளிச்சத்தை அது தடுக்காது. எண்ணெய் பூசிவிட்டோம் என்ற நம்பிக்கையில் தண்டை மீண்டும் கண்ணாடி அலுமாரிக்குள் வைப்பதில் பயனில்லை.

மெழுகு பூசலாமா? முல்லைத்தீவுக் காட்டுத்தேன் எடுப்பவர்களிடம் தேன்மெழுகு வாங்கலாம்.

பூசலாம். சுத்தமான தேன்மெழுகு நல்ல பொருள், ஊரிலேயே கிடைப்பது இன்னும் நல்லது. ஆனால் அது 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகும். எங்கள் வெயிலில் கைபட்டால் விரலடையாளம் விழும், தூசி ஒட்டும். சுங்கான் செய்பவர்கள் பயன்படுத்துவது கார்னோபா மெழுகு. பிரேசிலில் வளரும், பனை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் ஓலையிலிருந்து எடுப்பது அது. உருகும் வெப்பநிலை 82 முதல் 86 பாகை. ஆறியபின் கண்ணாடிபோல இறுகும். தூய கார்னோபாவைக் கையால் தேய்த்துப் பரப்ப முடியாது, சுழலும் துணிச் சக்கரம் வேண்டும். நகைப் பட்டறைகளில் மினுக்குச் சக்கரம் இருக்கும். தெரிந்த தட்டார் இருந்தால் கேட்டுப்பாருங்கள். ஆனால் புதிய துணிச் சக்கரமாக இருக்கவேண்டும்; உலோகத்தூள் படிந்த சக்கரம் தண்டைக் கீறும். சக்கரத்தில் ஒரே இடத்தை அழுத்தி வைத்தால் சூட்டில் தண்டு பழுப்பாகிவிடும். தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டும்.

சக்கரம் கிடைக்காவிட்டால் தேன்மெழுகைத் திரவப் பரபினோடு சிறு தீயில் உருக்கிக் களிம்பாக்கிக் கையாலேயே பூசலாம். ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு பரபின். சட்டியை அடுப்பில் நேரே வைக்காமல் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள்.

இப்போதும் நான் சுங்கான் பிடிக்கிறேன். ஒவ்வொரு முறையும் பிறகு என்ன செய்யவேண்டும்?

துடையுங்கள். உமிழ்நீரும் புகையின் ஈரமும் உதட்டைச் சுற்றித் தங்குவதால்தான் பிடிக்கும் சுங்கான்களில் பச்சை முதலில் அந்த இடத்தில் தொடங்குகிறது. ஈரம் சற்றே பட்ட பருத்தித் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை. உள்துளையில் பைப் கிளீனர் (பஞ்சுநூல் சுற்றிய மெல்லிய கம்பி) ஒன்றை விட்டு எடுங்கள். கிண்ணம் முழுவதும் ஆறும்வரை தண்டைக் கழற்றாதீர்கள். சூட்டில் விரிந்திருக்கும் கழுத்து வெடிக்கலாம். ஆறியதும் சேட்டுப் பொக்கற்றிலோ, வெளிவிறாந்தை மேசையிலோ விடாமல் உள்ளே கொண்டுபோய் வையுங்கள்.

புகையிலைப் புகை வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் தரக்கூடியது. சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் அது பொருந்தும். தண்டைப் பராமரிக்கச் சொல்லித் தருவதால் புகைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுடுதண்ணீரில் கழுவினால் சுத்தமாகும்தானே?

சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். நல்ல கறுப்புத் தண்டைக்கூடச் சுடுதண்ணீர் சில நிமிடத்தில் பழுப்பாக்கிவிடும். வெயிலுக்கு மாதக்கணக்கில் பிடிக்கும் வேலையை அது உடனே செய்கிறது. உள்துளையைக் கழுவவேண்டுமானால் பச்சைத் தண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரம், பைப் கிளீனர் போதும். கழுவியதும் நன்றாகத் துடைத்து நிழலில் உலரவிடுங்கள், வெயிலில் காயவைக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் உவராகவோ கடினமாகவோ உள்ள இடங்களில் வெள்ளைப் படிவு தங்கும். அங்கே மழைத்தண்ணீர் அல்லது குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரில் கழுவுங்கள்.

லாச்சி, தகரப் பேணி, பொலித்தீன் பை: எதில் வைப்பது?

உள்சுவரோடு இருக்கும் மர அலுமாரியின் லாச்சி மிக நல்லது. வெயில் விழும் வெளிச்சுவரோடு இருப்பது அவ்வளவு நல்லதல்ல, சூடு ஏறும். தண்டைத் தோய்த்துக் காயவைத்த பருத்தித் துணியில், பழைய வேட்டித் துண்டில், தளர்வாகச் சுற்றுங்கள். பிஸ்கட் பேணியும் ஆகும், உள்ளே துணி விரித்துக்கொண்டால். பொலித்தீன் பைக்குள் கட்டி வைக்காதீர்கள். மாரியில் உள்ளே ஈரம் பூக்கும். தண்டிலிருந்து வெளியேறும் கந்தக வாயுவுக்கும் போக வழியிராது. மருந்துப் போத்தல்களோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் போடலாம். பூச்சி உருண்டை வேண்டாம், அதன் மணம் தண்டிலும் கிண்ணத்திலும் ஏறினால் லேசில் போகாது.

சுங்கானின் வெள்ளிப் பூண் அடிக்கடி கறுக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கடின இறப்பர் மெதுவாகக் கந்தக வாயுக்களை வெளிவிடும். வெள்ளியைக் கறுக்க வைப்பதும் கந்தகம்தான். நூதனசாலைக்காரர் கடின இறப்பர்ப் பொருட்களை வெள்ளியிலிருந்து விலக்கி வைப்பது இதனால்தான். கொலுசு, குங்குமச்சிமிழ், வெள்ளிக்கிண்ணம் இருக்கும் லாச்சிக்குள் சுங்கான் தண்டைப் போடாதீர்கள். பூணை மினுக்கும்போது மினுக்குப் பசை தண்டில் படாமல் முதலில் தண்டைக் கழற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே முழுக்கப் பச்சை. இனி என்ன செய்வது?

கறுப்பைத் திருப்பி எடுக்கலாம். ஆனால் அது கெட்ட படையைத் தேய்த்து அகற்றும் வேலை. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் தண்டு ஒரு துளி மெலிகிறது, உதட்டின் விளிம்பு மழுங்குகிறது, போனது திரும்பி வராது. காப்பதைப் பற்றி இவ்வளவு சொன்னது இதற்காகத்தான். ஒருமுறை நன்றாகச் செய்து, பிறகு இருட்டில் வையுங்கள். ஆண்டுதோறும் தேய்க்கும் நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தண்டிலே முத்திரை இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். டன்ஹில் சுங்கானில் தண்டின் மேற்பக்கம் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி பதித்திருக்கும். டப்ளின் பீற்றர்சன் சுங்கான்களில் பி எழுத்து இருக்கும். புள்ளி உள்ளே பதித்தது, தேய்ந்தாலும் நிற்கும். அழுத்திக் குத்திய எழுத்து நாலு தேய்ப்பில் மறைந்துவிடும். அந்த இடத்தில் சிறு துண்டு ஒட்டுத்தாள் ஒட்டி, அதைச் சுற்றித் தேய்த்துவிட்டு, கடைசியில் எழுத்தின் மேல் பற்பசை தொட்ட விரலால் மட்டும் மெதுவாகத் தேயுங்கள்.

தண்டைக் கழுத்தில் பொருத்தியபடியே வேலை செய்யவேண்டும். கழற்றித் தேய்த்தால் பொருந்தும் விளிம்பு உருண்டு, மறுபடி மாட்டும்போது இடைவெளி தெரியும். மரம் கீறுபடாமல் கழுத்தைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். முளையைத் தொடவே கூடாது.

வாகனப் பெயின்ற் வேலைக்காரர் நனைத்துத் தேய்க்கப் பாவிக்கும் உரைதாளான வோட்டர் பேப்பர் ஹாட்வெயார்க் கடையில் கிடைக்கும். அதன் எண் கூடக் கூடச் சொரசொரப்புக் குறையும். லேசான பழுப்புக்கு 1000 இலிருந்தும் தடித்த பச்சைக்கு 600 இலிருந்தும் தொடங்குங்கள். கடதாசியைத் தண்ணீரில் நனைத்து, தண்டின் நீளப்போக்கில் தேயுங்கள். கழுவும் தண்ணீர் மஞ்சட்பழுப்பாக ஓடும், கந்தக வாடை அடிக்கும், அது சரி. அது கறுப்பாக ஓடத் தொடங்கியதும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். பிறகு 1500, 2000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தண்டை உலர்த்தி வாசலுக்குக் கொண்டுவந்து சாய்த்துப் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே கறுப்பாகத் தெரியும். உதட்டின் உட்குழிவில்தான் பச்சை மிஞ்சும். ஈர்க்கில் முனையில் கடதாசித் துண்டைச் சுற்றி அங்கே வேலை செய்யலாம்.

தேய்த்து முடிந்ததும் ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் துடையுங்கள். மிஞ்சிய அமிலம் அடங்கும். வெறுந்தண்ணீரால் துடைத்து, உலர்த்தி, வெள்ளைப் பற்பசையால் மினுக்கி, கழுவி, அன்றைக்கே திரவப் பரபின் பூசுங்கள். புதிதாகத் திறந்த மேற்பரப்பை வெறுமனே வைக்கக் கூடாது. ஓர் அரைநாள் வேலை, பொறுமை வேண்டும்.

பிளீச், பிராசோ, பழப்புளி இவற்றில் எது வேலை செய்யும்?

பழப்புளி பித்தளைக்கு நல்லது, இங்கே பயனில்லை. புளிப்பில் கரையும் கறை அல்ல இது. பிளீச்சில் ஊறவைத்தால் பச்சை கழன்று வரும், உண்மை. ஆனால் அது மேற்பரப்பை அரித்து நுண்குழிகளை விட்டுப்போகும். தண்டு சாம்பல் நிறமாகச் சொரசொரக்கும், பிறகு கூடுதலாகத் தேய்க்கவேண்டி வரும். நான் பரிந்துரைக்க மாட்டேன். பிராசோ போன்ற உலோக மினுக்கிகள் மினுக்கும், ஆனால் அவற்றில் அமோனியாவும் கரைப்பான்களும் இருக்கின்றன. பற்பசை இருக்கும்போது வாயில் வைக்கும் பொருளுக்கு அது எதற்கு?

வெளிநாட்டு உறவினர் ஒட்சிசன் வகைக் கறைநீக்கித் தூள் அனுப்பியிருந்தால் அதைக் கரைத்து ஓர் இரவு ஊறவைக்கலாம். பச்சைப் படை இளகி மேலே வரும், தேய்ப்பது சுலபமாகும். முத்திரையின் மேல் வாஸ்லீன் அப்பிவிட்டு ஊறவையுங்கள். அது தேய்க்கும் வேலையைக் குறைக்குமே தவிர இல்லாமலாக்காது.

உதட்டில் அம்மப்பாவின் பற்தடம் இருக்கிறது. அதையும் நிரப்பவேண்டுமா?

நிரப்ப முடியும். வல்கனைற் சூட்டில் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும் பொருள். லைற்றர்ச் சுவாலையை நிறுத்தாமல் முன்னும் பின்னும் அசைத்துச் சூடேற்றினால் ஆழமில்லாத தடம் தானே மேலெழும். ஓரிடத்தில் ஒரு கணம் கூடுதலாக நின்றால் பொசுங்கிவிடும்.

ஆனால் யாரும் இனிப் பிடிக்காத சுங்கானில் அதை ஏன் அழிக்கவேண்டும்? அவர் கடித்த தடம் அது. படமும் உடுப்பும் எரிந்து போன வீடுகளில் ஒரு மனிதரின் உடல் பட்ட அடையாளம் வேறு என்ன மிஞ்சியிருக்கிறது? பச்சையை எடுங்கள், தடத்தை விடுங்கள். அப்படித்தான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் வைத்திருந்தேன். வளைந்த தண்டு நிமிர்ந்துவிட்டது!

சூடுதான் காரணம். வளைந்த தண்டுகளை நேராகச் செய்து, சூடாக்கி வளைத்து, ஆறவிடுவார்கள். ஏறத்தாழ 70 பாகைக்கு மேல் அது இளகித் தன் பழைய நேர்வடிவத்துக்குத் திரும்பும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அந்தச் சூடு வரும். திரும்ப வளைக்கலாம்: உள்துளை நசுங்காமல் பைப் கிளீனர் ஒன்றைச் செருகி, தண்டைக் கொதிநீராவியில் இளக்கி, வளைத்து, குளிர்நீரில் பிடியுங்கள். நிறம் கெடும், ஆகவே பிறகு தேய்த்து மினுக்க வேண்டியிருக்கும்.

2009 இல் இடம்பெயரும்போது மற்றப் பொருட்களோடு மண்ணில் புதைத்து, திரும்பி வந்து தோண்டி எடுத்த சுங்கான். இதைத் திருத்தலாமா?

பெரும்பாலும் தண்டு நீங்கள் பயப்படும் அளவுக்குக் கெட்டிருக்காது. மண்ணுக்குள் வெளிச்சம் இல்லை. ஈரத்தால் மங்கியிருக்கும், முளையும் துளையும் மண்ணேறி இருக்கும், அவ்வளவுதான். மரக்கிண்ணத்துக்குத்தான் ஆபத்து. கறையான் தின்னாவிட்டாலும் ஈரத்தில் ஊறி உலர்ந்து வெடித்திருக்கும்.

முதலில் எதையும் தேய்க்காதீர்கள். மணற்துகள் ஒவ்வொன்றும் கீறும். மெல்லிய தூரிகையால் உலர்ந்த மண்ணை உதிருங்கள், பிறகு பச்சைத் தண்ணீரில் தண்டை மட்டும் அலசுங்கள். கழுத்துக்குள் இறுகியிருந்தால் வலிந்து கழற்ற வேண்டாம். நிழலில் சில கிழமை உலரவிட்டுப் பாருங்கள். கிண்ணம் பாழாகியிருந்தாலும் தண்டைத் தனியாக வைத்திருங்கள். முழுக்க மினுக்கிப் புதிதாக்கவேண்டிய பொருள் அல்ல இது. மண் போனதும், எண்ணெய் ஒருமுறை பூசித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

அக்ரிலிக் தண்டு போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லைதானே?

இல்லை. பிடிப்பதற்கென்று வைத்திருக்கும் சுங்கானுக்கு அது நல்ல யோசனை, பல்லுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கும். ஆனால் பழைய தண்டை எறியாதீர்கள். முளை ஒவ்வொரு சுங்கானின் கழுத்துக்கும் தனியாகக் கடைந்து பொருத்தியது. பிறகு தேடினாலும் அதே தண்டு கிடைக்காது.

தம்பியின் பாண்ட் கிளாரினெற் வாய்த்துண்டும், அப்பாவின் பழைய மைப்பேனாவும் இதேபோல் பழுப்பாகின்றன. இதே வைத்தியமா?

பொருள் ஒன்றுதான், கடின இறப்பர். இருட்டு, உலர்வு, பச்சைத் தண்ணீர் ஆகிய காப்பு முறைகள் அப்படியே பொருந்தும். ஆனால் கிளாரினெற், சக்ஸபோன் வாய்த்துண்டில் வோட்டர் பேப்பர் படவே கூடாது. சீவாளி இருக்கும் தளமும் நுனியின் திறப்பும் மயிரிழை மாறினாலும் நாதம் மாறிவிடும். துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள், பழுப்போடு இருக்கட்டும். பேனாவில் மூடியின் உட்பக்கத்தையும் மரையையும் தேய்க்காதீர்கள், உடம்பில் பொறித்த கோலவேலை இருந்தால் அதையும் விடுங்கள். மை கழுவச் சுடுதண்ணீர் பாவிப்பவர்கள் பலர். பழைய எபனைற் பேனாக்கள் பழுப்பாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டிலிருந்து பழைய சுங்கான் வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்கவேண்டும்?

அளவுக்கு மீறி மினுங்கும் கறுப்பைச் சந்தேகியுங்கள். சிலர் பச்சையை எடுக்காமல் மேலே கறுப்புச் சாயமோ வார்னிசோ பூசி விற்பார்கள். எங்கள் வெயிலில் அது உரிந்து வாயில் வரும். உதட்டின் உட்குழிவும் முளைக்கு அருகிலுள்ள விளிம்பும் தெரியும்படி கிட்டத்தில் படம் கேளுங்கள். பூச்சு அங்கேதான் பிடிபடும். நேர்மையாகப் பச்சையாகவே இருக்கும் தண்டை வாங்குவது மேல், அதை நீங்களே எடுக்கலாம்.

எல்லாம் செய்து லாச்சிக்குள் வைத்தாயிற்று. இனி எப்போது பார்க்கவேண்டும்?

ஆண்டுக்கு இருமுறை. மாரி தொடங்குமுன் ஒருமுறை, தை பிறந்து ஈரம் குறைந்தபின் ஒருமுறை. துணியைப் பிரித்து, தண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பழைய எண்ணெயைத் துடைத்து, இரண்டு துளி புதிதாகப் பூசி, தோய்த்த வேறு துணியில் சுற்றுங்கள். மங்கல் தெரிந்தால் பற்பசையோடு நிறுத்துங்கள். வோட்டர் பேப்பருக்குப் போகவேண்டாம்.